நான்கு வரிகளுக்கு ஒரு வரவேற்புக் குழு

எங்கள் கம்பெனி கதவுப் பூட்டு செய்கிறது. சாவி இல்லாத பூட்டு. எண்ணை அழுத்தினால் திறந்துகொண்டு, "வாங்க, வாங்க" என்று ஒரு பெண் குரலில் கூப்பிடும். பெயர் ஜாகா. சிடோவார்ஜோ தொழிற்பேட்டையில் செய்து, ஜாவாத் தீவு முழுக்க முப்பத்தோராயிரம் வீடுகளில் மாட்டியிருக்கிறோம். பூட்டுக்குள் ஓடும் மென்பொருளைக் கவனிப்பது என் வேலை. என் அறைக் கதவில் 'மென்பொருள் ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டுத் துறை' என்று எழுதியிருக்கும். துறை என்றால் நான் ஒருவன்தான்.

எங்கள் இயக்குநர் பாக் ஹர்தாதி நல்ல மனிதர், மைக் கையில் இல்லாதபோது. (எங்கள் ஊரில் பாக் என்றால் ஐயா, இபு என்றால் அம்மா.) மைக் கிடைத்துவிட்டால், "இந்தப் பூட்டில் ஒவ்வொரு திருகும், ஒவ்வொரு எழுத்தும் இந்த மண்ணின் பிள்ளைகள் செய்தது! நூற்றுக்கு நூறு!" என்று கண் கலங்குவார். திருகு கப்பலில் வருகிறது. எழுத்து எங்கிருந்து வருகிறது என்று அவர் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

உண்மையில் பூட்டின் மூளை இணையத்தில் கிடந்த ஓப்பன் சோர்ஸ் மென்பொருள். யாரோ ஒரு புண்ணியவான் எழுதி, யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், திருத்தலாம், விற்கலாம் என்று வைத்திருந்தார். மூன்று வருடம் பிடிக்க வேண்டிய பூட்டு நான்கே மாதத்தில் கடைக்கு வந்தது அதனால்தான். போட்டிக் கம்பெனிக்காரர்கள் எல்லாவற்றையும் சொந்தமாகவே எழுதுவோம் என்று ரோஷத்தோடு உட்கார்ந்தார்கள், இன்னும் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த மென்பொருளை எழுதியவர் தனக்கு வைத்துக்கொண்ட பெயர் கேப்டன் வாத்து. அவரிடம் நான் மூன்று வருடத்தில் பதினோரு சந்தேகம் கேட்டிருக்கிறேன். பதினொன்றுக்கும் மறுநாள் காலையில் ஆங்கிலத்தில் பதில் வந்தது. எங்கள் ஆபீஸில் பேனா கேட்டால் அடுத்த வாரம் வரும்.

நோன்பு பத்தொன்பதாம் நாள் கேப்டன் வாத்து ஓர் அறிவிப்புப் போட்டார். 'நண்பர்களே, ஒரு தப்பு நடந்திருக்கிறது, தப்பு என்னுடையது. பூஜ்யத்தை முப்பத்து மூன்று தடவை அழுத்தினால் பூட்டு குழம்பிப்போய்த் திறந்துகொள்கிறது. சரிசெய்துவிட்டேன். நான்கு வரிதான். இன்றே எடுத்துப் போடுங்கள்.'

வேலைவெட்டி இல்லாமல் யார் நின்று முப்பத்து மூன்று தடவை அழுத்துவான் என்று கேட்கலாம். நோன்பு முடிந்து வரும் லெபரான் பெருநாளுக்கு இன்னும் பதினோரு நாள். அன்றிலிருந்து எட்டாம் நாள் மொத்த ஜாவாவும் மூட்டை கட்டிக்கொண்டு சொந்த ஊருக்குக் கிளம்பிவிடும். தெருத்தெருவாக வீடுகள் பூட்டிக் கிடக்கும். அப்போது திருடனுக்கு முப்பத்து மூன்று என்ன, மூவாயிரம் அழுத்தவும் நேரமிருக்கும். எங்கள் குடியிருப்பில் மட்டும் நாற்பத்திரண்டு வீட்டுக்காரர்கள் என் பேச்சைக் கேட்டு ஜாகா வாங்கியவர்கள். திரும்பி வந்து முதலில் யார் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள் என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை.

நான்கு வரியைச் சேர்க்க எனக்குப் பத்து நிமிடம் போதும். இணையம் வழியாக எல்லாப் பூட்டுக்கும் அனுப்ப ஒரே ஒரு பொத்தான். ஆனால் போன வருடம் உப்பிப்போன பேட்டரிகள் ஒரு லாரி வந்து இறங்கியதிலிருந்து ஒரு விதி இருக்கிறது. வெளியிலிருந்து எது உள்ளே வந்தாலும் கொள்முதல் பிரிவுத் தலைவி இபு சுலஸ்த்ரியின் கையெழுத்து வேண்டும்.

படிவத்தோடு போனேன். இபு சுலஸ்த்ரி மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

"என்ன பொருள்?"

"நாலு வரி, இபு."

"எடை?"

"எடையே இல்ல."

"எடை இல்லாத பொருள கேட்ல எப்படிப் பதியறது? சரி, விடு. மூணு பேர்கிட்ட விலை கேட்டியா?"

"ஒருத்தர்தான் வச்சிருக்கார். விலையும் இல்ல. சும்மா குடுக்கறார்."

பேனா நின்றது. இபு சுலஸ்த்ரி எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, குரலைத் தாழ்த்தினார்.

"சுகெங், பெருநாளுக்குப் பத்து நாள் இருக்கு. வெளியாள் ஒருத்தர் கம்பெனி ஊழியருக்குச் சும்மா ஒண்ணு குடுக்கறார். அதுக்குப் பேர் என்ன?"

"உதவி, இபு."

"அன்பளிப்பு! அந்த அலமாரியப் பாரு. போன வருஷம் சப்ளையருங்க குடுத்தது அத்தனையும் பிடிச்சு வச்சிருக்கேன்."

அலமாரியில் பிஸ்கட் டின்களும் சர்பத் பாட்டில்களும் சிறைக்கைதிகள் போல வரிசையாக நின்றன. அவர் இன்னொரு படிவத்தை எடுத்தார். அன்பளிப்பு அறிவிப்புப் படிவம், மூன்று பிரதி.

"அந்த ஆள் உனக்குச் சொந்தமா?"

"இல்ல."

"பொருள் கெட்டுப்போகுமா?"

"இதப் போடலன்னா மத்ததெல்லாம் கெட்டுப்போகும், இபு."

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. கெட்டுப்போகுமா போகாதா?"

"நாள் ஆக ஆக ஆபத்துதான்."

"அப்ப கெட்டுப்போகும்." கட்டத்தில் ஒரு குறி போட்டார். "விதி பதினாலு. கெட்டுப்போற அன்பளிப்ப இருபத்து நாலு மணி நேரத்துக்குள்ள அனாதை இல்லத்துக்குக் குடுத்துடணும். போட்டோவோட."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

மறுநாள் மதியம் நாங்கள் ஐந்து பேர் கம்பெனி பாத்திக் சட்டையில் அனாதை இல்ல வாசலில் நின்றோம். கூடையில் நான்கு வரிகள் அடங்கிய ஒரு பென் டிரைவ். கூடை காலியாகத் தெரியக்கூடாது என்று சுற்றிலும் வண்ணக் காகிதத்தைக் கசக்கி வைத்து, மேலே கண்ணாடித்தாள் சுற்றி, ரிப்பன் கட்டியிருந்தார்கள். இல்லத்தின் பொறுப்பாளர் உஸ்தாத் மஹ்ஃபூத் கூடையை இரு கையாலும் வாங்கிக்கொண்டார். மக்கள் தொடர்பு அதிகாரி நான்கு கோணத்தில் படம் எடுத்தார். ஒரு கோணத்தில் எல்லோரும் கட்டைவிரலை உயர்த்தினோம்.

"அல்லாஹ் உங்களுக்கு அருள் செய்யட்டும். இதுல என்னங்க இருக்கு?" என்றார் உஸ்தாத்.

"நாலு வரி" என்றேன்.

"நல்லது, நல்லது." கூடையை மெல்லக் குலுக்கிப் பார்த்தார். "அரிசி கிரிசி ஏதாவது பின்னாடி வண்டியில வருதுங்களா?"

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. மற்றவர்கள் வண்டியில் ஏறியதும் எதிர்க்கடைக்குப் போய் இருபத்தைந்து கிலோ மூட்டை ஒன்று வாங்கி இறக்கிவிட்டு வந்தேன். அதற்குப் போட்டோ எடுக்கவில்லை.

சாயங்காலம் இபு சுலஸ்த்ரியிடம் போனேன்.

"குடுத்தாச்சு, இபு. இப்பவாவது அந்த நாலு வரியப் பூட்டுல போடட்டுமா?"

"எந்த நாலு வரி? அது அனாதைப் பிள்ளைங்களோடது. அவங்ககிட்டேர்ந்து பிடுங்கப் போறியா?"

"இல்ல இபு, அதே வரி இணையத்துல இன்னும் இருக்கு. அங்கேர்ந்து எடுத்துக்கலாம்."

"குடுத்தப்புறமும் அவர்கிட்ட இருக்கா?"

"இருக்கு."

"அனாதை இல்லத்துலயும் இருக்கு?"

"இருக்கு."

"ரெண்டு இடத்துலயும் இருக்குன்னா அவர் குடுக்கவே இல்லன்னு அர்த்தம்." மூன்று பிரதிகளையும் குறுக்கே கிழித்தார். "என்னை முட்டாளாக்கப் பாக்கறியா? இது சட்டப் பிரிவு விவகாரம். அங்க போ."

ஒன்பது நாள் மிச்சம்.

சட்ட ஆலோசகர் பாக் சிதோருஸ் மேடான் பக்கத்து ஆள், உரக்கப் பேசுவதற்குப் பேர்போன ஊர். சாதாரணமாக "வணக்கம்" என்று சொன்னாலே கோர்ட்டில் வாதாடுவது போலத்தான் இருக்கும். அவர் நோன்பு வைப்பவர் இல்லை. ஆனால் எங்கள் கண்ணில் படக்கூடாது என்று காபிக் கோப்பையைக் கோப்பு அலமாரியின் இரண்டாவது இழுப்பறையில் வைத்திருப்பார். எப்போதெல்லாம் ஒரு கோப்பை ஆழமாகத் தேடுகிறாரோ அப்போதெல்லாம் ஒரு மிடறு உள்ளே போகிறது என்று அர்த்தம்.

"இந்த ப்ரோகிராமோட லைசென்ஸப் படிச்சியா?"

"அதையெல்லாம் யார் பாக் படிக்கறாங்க?"

"நான் படிச்சேன்!" தாளை உயர்த்திப் பிடித்தார். "கேளு. 'இந்த மென்பொருளுக்கு எந்த உத்தரவாதமும் கிடையாது. இதனால் என்ன நஷ்டம் வந்தாலும் எழுதியவர் பொறுப்பல்ல.' நம்ம பெட்டி மேல என்ன போட்டிருக்கு?"

"அஞ்சு வருஷ உத்தரவாதம். ராணுவத் தரம்."

பாக் சிதோருஸ் இழுப்பறைக்குள் ஒரு கோப்பைத் தேடினார். வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"எழுதினவனே உத்தரவாதம் தரல. நாம ராணுவத்தையே துணைக்குக் கூப்பிட்டிருக்கோம். அடுத்தது. 'விற்பவர்கள் எழுதியவரின் பெயரைக் குறிப்பிட வேண்டும். தவறினால் இந்த உரிமை ரத்து.' பேர் போட்டிருக்கோமா?"

"பாக் ஹர்தாதி நூத்துக்கு நூறு நம்ம பிள்ளைங்க செஞ்சதுன்னு..."

"போட்டிருக்கோமா இல்லயா?"

"இல்ல."

"அப்ப மூணு வருஷமா நாம விக்கறதே சட்டப்படி செல்லாது! சும்மா கிடைக்குதுன்னு எடுத்தீங்களே, அதுக்கு நிபந்தனை இருக்கான்னு ஒருத்தனாவது பாத்தீங்களா? இந்த மாதிரி வெளிச்சரக்கு பூட்டுக்குள்ள மொத்தம் எத்தனை இருக்கு?"

"இருநூத்துப் பதினாலு, பாக்."

அவர் உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் விசாரிக்கும் குரலில் கேட்டார். "நாமளே செஞ்சது எது?"

"அந்த 'வாங்க, வாங்க' குரல்."

"அதாவது நம்மளோடது."

"பாக் ஹர்தாதியோட மருமக. அவங்ககிட்டயும் எழுதி வாங்கல."

நியாயமாகச் சொன்னால் பாக் சிதோருஸ் கேட்டவை எல்லாம் மூன்று வருடத்துக்கு முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்விகள். கேட்க வேண்டிய முதல் ஆள் நான். அதை ஒப்புக்கொண்டேன். "ஆனா பாக், இப்ப வீடு திறந்து கிடக்கு. முதல்ல நாலு வரியப் போட்டுட்டு மத்ததப் பேசலாமே" என்றேன்.

"எப்படி? கையெழுத்து எங்க? ரெவின்யூ ஸ்டாம்ப் எங்க? பத்தாயிரம் ரூபியா ஸ்டாம்ப் ஒட்டி, பாதி கையெழுத்து ஸ்டாம்ப் மேலயும் பாதி தாள் மேலயும் விழணும். அப்பத்தான் அது ஒப்பந்தம். அந்த கேப்டனக் கூட்டிட்டு வா. இல்லன்னா குழு போட்டு முடிவெடுக்கட்டும்."

குழு போட்டார்கள். 'நான்கு வரிகளைத் துரிதப்படுத்தும் குழு.' பதினேழு உறுப்பினர்கள். முதல் கூட்டத்துக்கு முன்பே நான்கு மீட்டர் நீளத்தில் பேனர் வந்துவிட்டது. பேனரில் எல்லோருடைய படமும் இருந்தது, வரிகள் மட்டும் இல்லை. ஒரு வரிக்கு ஒன்றாக நான்கு துணைக்குழுக்கள். நான்காவது வரியில் வெறும் ஓர் அடைப்புக்குறிதான் இருந்தது. அந்தத் துணைக்குழு ஒன்றுதான் குறித்த நேரத்தில் அறிக்கை கொடுத்தது. 'ஆட்சேபம் இல்லை' என்று பதினோரு பக்கம்.

நோன்பு மாதத்தில் கூட்டம் மூன்று மணிக்குத் தொடங்கும். நான்கரைக்கு எல்லோரும் பலகாரப் பெட்டியைக் கையில் வாங்கிக்கொண்டு நோன்பு திறக்க வீட்டுக்கு ஓடிவிடுவார்கள். இடையில் உள்ள ஒன்றரை மணியில் வரவேற்புரை நாற்பது நிமிடம். ஒவ்வொரு கூட்டத்தின் முடிவிலும் செயலாளர் நடவடிக்கைப் புத்தகத்தில், 'மேற்கொண்டு லெபரானுக்குப் பிறகு' என்று எழுதுவார். எங்கள் நாட்டில் கல்யாணம், வழக்கு, பல் பிடுங்குவது எல்லாமே இந்த மாதத்தில் லெபரானுக்குப் பிறகுதான். திருடனும் இந்த நாட்டுக்காரன்தானே, அவனும் லெபரானுக்குப் பிறகு வருவான் என்று நம்பினார்களோ என்னவோ.

மூன்றாவது கூட்டத்தில் பாக் ஹர்தாதி மைக்கைப் பிடித்தார்.

"பாதுகாப்பு விஷயத்துல நம்ம கம்பெனி யாரையும் நம்பினதில்ல. அதனாலதான் இன்னிக்கு வரைக்கும் யாரையும் எதுவும் கேட்டதில்ல! இந்த நாலு வரிய நாம கண்ண மூடிக்கிட்டு ஏத்துக்கமாட்டோம். முன்ன ஏத்துக்கிட்ட நாப்பதாயிரம் வரியப் பத்தி யாரும் இங்க பேச வேண்டாம்."

கைதட்டல்.

"ஆமா, அந்த கேப்டன் எந்த நாடு?"

"தெரியல பாக். யாரும் பாத்ததில்ல. இங்கிலீஷ்லதான் எழுதுவார்" என்றேன்.

"சும்மா குடுக்கறார்னா வெளிநாட்டுக்காரர்தான்! நம்ம ஆள் எவன்யா சும்மா குடுப்பான்?" அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அவர இங்க கூப்பிடுவோம். விமான நிலையத்துல நாட்டியக்காரங்க, மாலை, கமெலான் வாத்தியம். ஒரு பாத்திக் சட்டை, பெரிய சைஸ்ல."

"ஸ்டாம்ப், கையெழுத்து?" என்றார் இபு சுலஸ்த்ரி.

"வெளிநாட்டு நிபுணர்கிட்ட அதெல்லாம் கேட்டா மரியாதையா இருக்குமா?"

"இருக்காது பாக்" என்று அவரே சட்டென்று கோப்பை மூடினார்.

எனக்குத் தூக்கி வாரிப்போட்டது. ஆறு நாளாக மலை போல நின்றது ஒரு வெள்ளைக்காரர் வரக்கூடும் என்றதும் கரைந்துவிட்டது. எப்படியோ காரியம் நடந்தால் சரி என்று அன்றைக்கே கேப்டனுக்கு எழுதினேன். மறுநாள் காலை பதில் வந்தது. 'வர முடியாது, பெருநாள் வேலை தலைக்கு மேல் இருக்கிறது. வேண்டுமானால் வீடியோவில் பத்து நிமிடம் பேசலாம்.'

மறுநாள்தான் பெரும்பாலானோர் ஊருக்குக் கிளம்பும் நாள் என்ற நிலையில், பதினேழு பேரும் பெரிய திரைக்கு முன் உட்கார்ந்தோம். பாக் ஹர்தாதி ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்த வரவேற்புரையோடு எழுந்து நின்றார். திரை தெளிந்தது. நாற்பது வயதுப் பெண்மணி ஒருவர், தலையில் முக்காடு, முழங்கை வரை சாம்பல். பின்னால் கூரை உயரத்துக்கு முட்டை அடுக்கு. எங்கேயோ வாத்துக் கூட்டம் ஒன்று கத்தியது.

பாக் ஹர்தாதி ஆங்கிலத்தில் இரண்டு வாக்கியம் பேசினார்.

"நம்ம மொழியிலயே பேசுங்க பாக். நான் ப்ரெபெஸ்லதான் இருக்கேன். உப்பு முட்டைக் கடை, வாத்து முட்டையச் சாம்பலும் உப்பும் பூசி ஊறவச்சு அவிச்சு விக்கறோம்" என்றார் அந்தப் பெண்மணி.

"சரிம்மா, கேப்டன் எங்க?"

"நான்தான். பேரு துர்னியாசி. முன்ன தொழிற்பள்ளியில கம்ப்யூட்டர் சொல்லிக் குடுத்தேன்."

பாக் ஹர்தாதி மெதுவாக உட்கார்ந்தார். பெரிய சைஸ் பாத்திக் சட்டை மேஜை மேல் மடிப்புக் கலையாமல் கிடந்தது. இந்த மண்ணின் பிள்ளைகள் என்று வருடத்துக்கு இருபது மேடையில் கண் கலங்கிய மனிதருக்கு, நிஜமாகவே ஒரு பிள்ளை எதிரே வந்து நின்றதும் முகம் தொங்கிப்போனதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

இபு சுலஸ்த்ரி மூடிய கோப்பை மறுபடி திறந்தார். "உள்ளூர்க்காரங்கதானே, அப்ப விதிப்படி போகலாம். வரி எண், ஊர்த் தலைவர் கடிதம், போலீஸ் நன்னடத்தைச் சான்றிதழ்."

"எதுக்கு இபு? நான் எதையும் உங்களுக்கு விக்கலயே."

"விக்கலன்னா இன்னும் ரெண்டு சான்றிதழ் வேணும்."

"அம்மா," பாக் சிதோருஸ் குறுக்கிட்டார், "இத எந்தத் தேவைக்காக எழுதினீங்க?"

"வாத்துக் கொட்டகைக் கதவுக்கு. எங்க வீட்டுக்காரர் மாசத்துக்கு ரெண்டு சாவி தொலைப்பார். அதான் எண் பூட்டு மாதிரி ஒண்ணு செஞ்சேன். நல்லா வேலை செஞ்சுது, எல்லாருக்கும் உபயோகப்படட்டும்னு போட்டேன். பெரிய கம்பெனி வீட்டுக்குப் போடறப்ப நாலு பேர வச்சு சோதிச்சிருப்பாங்கன்னு நினைச்சேன்." அவர் எங்கள் பேனரைப் பார்த்தார். "நாலு பேருக்கு மேலயே இருக்கீங்க போலிருக்கே. பூஜ்யத்த முப்பத்து மூணு தடவ அழுத்திப் பாத்தீங்களா?"

"குழு இன்னும் அந்தக் கட்டத்துக்கு வரல" என்றார் செயலாளர்.

"ஒரு வாரமாவா? இயக்குநர் வீட்டுல என்ன பூட்டு?"

எல்லாத் தலைகளும் இயக்குநர் பக்கம் திரும்பின. "முட்டை கொதிக்குது, வரேன்" என்று திரை இருண்டது.

கால் மணி நேரத்தில் குழு மொத்தமும் மூன்று காரில் பாக் ஹர்தாதியின் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. பேனரையும் யாரோ எடுத்து வந்திருந்தார்கள். அழுத்துவது யார் என்பதில் பதவி வரிசைப் பிரச்சினை எழுந்து, கடைசியில் பாக் சிதோருஸ் அழுத்தினார். செயலாளர் எண்ணினார். பதினேழில் ஒருமுறை எண்ணிக்கை தவறிவிட்டது. இருபத்தாறில் இபு சுலஸ்த்ரி, "சாட்சிக் கையெழுத்து வாங்கினீங்களா?" என்று கேட்டு மறுபடி தவறவைத்தார். மூன்றாம் முறை முப்பத்து மூன்றைத் தொட்டது. பூட்டு 'ட்ரிக்' என்றது. "வாங்க, வாங்க" என்று மருமகளின் குரல் பதினேழு பேரையும் வரவேற்றது. கதவு திறந்தது.

உள்ளே ஹாலில் பாக் ஹர்தாதியின் மனைவி பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தார். மடியில் நகைப்பெட்டி.

"யாருங்க நீங்கல்லாம்? கதவு பூட்டித்தானே இருந்துது?"

பாக் ஹர்தாதி விளக்கினார். மேடையில் பேசுவது போலத் தொடங்கி, பாதியில் குரல் இறங்கிப்போய், கடைசியில் மனைவியிடம் பேசும் எல்லாக் கணவர்களையும் போல முடித்தார்.

"ஒரு வாரமா தெரியுமா?" என்றார் அந்த அம்மாள். "தெரிஞ்சுமா என்னை நாளைக்கு யோக்யாவுக்குக் கிளப்பறீங்க?"

பாக் ஹர்தாதி என் பக்கம் திரும்பினார். "சுகெங்! அந்த நாலு வரிய உடனே போடு."

"பாக், படிவம்..." என்று இபு சுலஸ்த்ரி இழுத்தார்.

"இயக்குநர் வீட்டுக்கு என்ன படிவம்! அவசரம்! என் கதவுக்கு மட்டும் போடு. மத்த வீடெல்லாம் குழு முறைப்படி, லெபரானுக்குப் பிறகு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஒரு கதவுக்கு மட்டும் தனியாகப் போட முடியும். அந்தக் கதவின் எண்ணை அடித்தால் போதும். என் வாழ்க்கையில் மேலதிகாரியிடம் நான் பொய் சொன்னதில்லை. பயம்தான் காரணம். அன்றைக்கும் பயம் இருந்தது. எங்கள் குடியிருப்பின் நாற்பத்திரண்டு கதவுகளும் வரிசையாகக் கண்முன் வந்து நின்றன.

"ஒரு கதவுக்கு மட்டும் போட வழியே இல்ல பாக். போட்டா எல்லாத்துக்கும் போகும். இல்லன்னா உங்களுதும் லெபரானுக்குப் பிறகுதான்" என்றேன்.

"போடுங்க தம்பி" என்றார் அந்த அம்மாள், கணவரைப் பார்த்துக்கொண்டே.

அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் மடிக்கணினியைத் திறந்து, வரிகளைச் சேர்த்து, ஒரு பூட்டில் சோதித்து, பொத்தானை அழுத்தினேன். பத்து நிமிடம்தான். முப்பத்தோராயிரம் கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சரியாகிக்கொண்டு வருவதைத் திரையில் பார்த்தபோது சந்தோஷத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. பாக் சிதோருஸ் நான் அழுவதை மற்றவர்கள் பார்க்காதபடி முன்னால் வந்து நின்றுகொண்டார். அப்படியே இயக்குநரின் காதில், "பேர் விஷயத்தையும் இப்பவே முடிச்சிடுங்க பாக். அந்த ப்ரெபெஸ் அம்மா நினைச்சா நம்ம வியாபாரத்தையே நிறுத்தலாம்" என்றும் ஓதினார். நகைப்பெட்டி இன்னும் எதிரே இருந்ததால் பாக் ஹர்தாதி உடனே சம்மதித்தார். பெட்டியின் மேல், நல்ல பெரிய எழுத்தில், 'மூளை: துர்னியாசி, ப்ரெபெஸ்' என்று போடலாம். மீதி இருநூற்றுப் பதின்மூன்று பேரின் பெயர்களை உள்ளே ஒரு தாளில் அச்சிட்டு வைக்கலாம்.

என் சொந்த ஊர் தெகால். ப்ரெபெஸுக்குப் பக்கம். பெருநாளுக்கு இரண்டு நாள் முன்னால் மோட்டார் சைக்கிளில் துர்னியாசியின் கடைக்குப் போனேன். ஊர் திரும்பும் கார்கள் சாலை நெடுக நின்றிருந்தன. அவர் ஒரு சின்ன ரப்பர் முத்திரையால் ஒவ்வொரு நீல முட்டையிலும் குத்திக்கொண்டிருந்தார். பெயர், ஊர், தொலைபேசி எண்.

"நான் சுகெங், அக்கா. பதினோரு சந்தேகம் கேட்டவன்."

"அடடே, அந்தப் பொறுமைசாலியா! போட்டீங்களா?"

"எல்லாக் கதவுக்கும் போட்டாச்சு."

அவர் முத்திரையைக் கீழே வைத்துவிட்டு இரு கையாலும் முகத்தை மூடி, பெருமூச்சு ஒன்று விட்டார். "பத்து நாளா எனக்குத் தூக்கமே இல்ல தம்பி. யார் யார் வீடோ, எவ்வளவு பேர் நம்பிப் படுத்திருக்காங்களோன்னு."

என் ஆபீஸில் பதினேழு பேரும் நன்றாகத் தூங்கினார்கள் என்பதை நான் சொல்லவில்லை. பெரிய செய்தியை எடுத்து வைத்தேன். பெட்டியின் மேல் உங்கள் பெயர் வருகிறது, பெரிய எழுத்தில், மற்றவர்கள் பெயரெல்லாம் உள்ளே ஒரு தாளில்தான், இயக்குநரே ஒப்புக்கொண்டுவிட்டார் என்றேன். அவர் சந்தோஷப்படுவார் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்திருந்தேன்.

துர்னியாசி ஒரு முட்டையை எடுத்து முத்திரை குத்தி என் கையில் வைத்தார்.

"இதுல என் பேர் ஏன் இருக்கு தெரியுமா? ஒண்ணு அழுகிப்போனாலும் யார் வீட்டு வாசல்ல வந்து கத்தணும்னு தெரியணும். இத நான் கழுவினேன், நான் உப்புல போட்டேன், நான் அவிச்சேன். அதனால என் பேரு." அடுத்த முட்டையை எடுத்தார். "பெட்டிக்குள்ள வைக்கற அந்தச் சின்னத் தாள்ல, எல்லாரோட பேரும் இருக்கற இடத்துல, என் பேரையும் ஓரமா போடுங்க. அது போதும். பெட்டி மேல மட்டும் வேண்டாம் தம்பி. அத அவிச்சது உங்க கமிட்டி."